நடுவில் தொடங்கும் ரீல்

பிப்ரவரி 4, செவ்வாய்

இல்லை, சந்தேகப்பட்டு அல்ல. ஒழுங்குக்காகத்தான் தேடினேன். லோர்கன் அச்சிடப்போகும் தொகுப்பில், அயர்லாந்தில் எங்கள் பகுதியான தெற்கு ஸ்லைகோக்காரர்கள் சொந்தமாகக் கட்டிய மெட்டுகள் மட்டும்தான் வரும். ஒவ்வொன்றும் அதற்கு முன் எங்கும் இல்லை என்று பார்த்துக் கையெழுத்திடுவது என் வேலை. நாற்பத்தொன்றை முடித்துவிட்டேன். நாற்பத்திரண்டாவது அப்பாவுடையது. "அட்ராக்டாவின் ரீல்". ஊர் ஆட்டங்களில் வாசிக்கும் விரைவான நடன மெட்டுதான் ரீல்; இதைத் திருமணத்தின்போது அம்மா அட்ராக்டாவுக்காகக் கட்டினார். வாழ்நாளில் அவர் கட்டியது அது ஒன்றுதான்.

தொடக்கச் சுரங்களை வைத்துப் பழைய மெட்டுகளின் அட்டவணையில் தேடினேன். எங்கும் இல்லை. நிம்மதி.

நிம்மதி எதற்கு?

பிப்ரவரி 6

வெளியீட்டு விழாவில் அந்த ரீலை எல்லோரும் சேர்ந்து வாசிக்கப் போகிறார்களாம். அம்மாவுக்கு முன்வரிசையில் நாற்காலி. கடையில் ஊர்க்காரர் ஃபின் அவளை வம்பிழுத்தாராம்: "என்ன அட்ராக்டா, இனிமே நாங்கல்லாம் கண்ணுக்குத் தெரிவோமா?" சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்பா போய்ப் பதினான்கு மாதம். இப்படி அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

பிப்ரவரி 11

டப்ளின். காப்பகத்தின் கேட்பறை. வேறு ஏதோ மெட்டைத் தேடி, 1934இல் நியூயார்க்கில் பதிவான ஓர் இசைத்தட்டைக் கேட்டேன். சும்மா மறுபக்கத்தையும் ஓடவிட்டேன். "கோரைக்குள் கிடாரி" என்று ஒரு ரீல். முதல் பகுதி எங்கேயோ கேட்டது போலிருந்தது. இரண்டாம் பகுதி —

அப்பா.

ஹெட்போனைக் கழற்றினேன். மறுபடி மாட்டினேன். அப்பா தொடங்குவது இதன் இரண்டாம் பகுதியில். இதன் முதல் பகுதி அப்பாவுக்கு இரண்டாவது. மற்றபடி அதே மெட்டு.

அட்டவணை தொடக்கத்தை மட்டுமே பார்க்கும். பகுதிகள் இடம் மாறும், ஆகவே இரண்டையும் தேட வேண்டும் என்பது முதல் வருட மாணவிக்கே தெரியும். மற்ற நாற்பத்தொன்றிலும் இரண்டையும் தேடினேன். அப்பாவுடையதில் மட்டும் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். மறதியா?

பிப்ரவரி 12

அச்சிலும் இருக்கிறது. 1907இல் வந்த தொகுப்பு, எண் 612. அதே பெயர், அதே வரிசை. நகலெடுத்துக்கொண்டேன்.

அப்பா பிறந்தது 1941.

பிப்ரவரி 13

1988 வானொலிப் பதிவு. எங்கள் வீட்டுச் சமையலறை. அப்பாவின் குரல்: "நானே கட்டினதுதாங்க. வீட்டுக்காரிக்காக. அப்போ கையில வேற என்ன இருந்துச்சு?" சிரிப்பு. பின்னால் கோப்பைகளின் சத்தம், அம்மா தேநீர் ஊற்றுகிறாள். "நானே கட்டினது" என்ற இடத்தில் அந்தச் சத்தம் நிற்கிறது. பிறகு தொடர்கிறது.

மூன்று முறை கேட்டேன்.

எங்கோ கேட்டது மனதில் தங்கி, பின்னாளில் சொந்தமாகத் தோன்றுவது உண்டு. மற்றவர்களைப் பற்றி இதைப் பெருந்தன்மையோடு எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 17

லோர்கன் தொலைபேசினான். "உங்கப்பா பக்கம் மட்டும்தான் பாக்கி. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. என்ன ரியோனா, பெத்த அப்பனையே நிக்க வெச்சு விசாரணையா?"

"ஒண்ணு மட்டும் பாக்கணும்."

"பாரு, பாரு. பாத்துட்டு அட்ராக்டா கிட்ட நீயே போய்ச் சொல்லு. நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்."

விளையாட்டாகத்தான் சொன்னான்.

ஒரு கையெழுத்து. யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். போன மாதம் ஃபெலிம் இதே தொகுப்புக்குக் கொடுத்த மெட்டை நீக்கினேன், பாதி பழையது என்று. தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். கையெழுத்திட்டால் அவருக்கு என்ன பதில்? இடாவிட்டால் அம்மாவுக்கு?

பிப்ரவரி 19

எழுதிவிட வேண்டும், அப்படியே.

மாலை என் அறையில் 612ஐ அப்பாவின் பிடிலில் வாசித்துப் பார்த்தேன், கதவைச் சாத்திக்கொண்டு. முதல் பகுதி முடியும் முன் சமையலறையிலிருந்து ஒரு குரல் சேர்ந்துகொண்டது. சொல் இல்லாமல், வாயாலேயே தாளம் கட்டி. இடறவே இல்லை. அம்மா இப்படிப் பாடுவாள் என்று எனக்குத் தெரியாது.

கை துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். "வால்லேர்ந்து ஆரம்பிக்கிறியேடி."

நகலைக் காட்டினேன். "இதுதாம்மா தலை. புஸ்தகத்துல இப்படித்தான் இருக்கு. 1907ல வந்தது."

"அப்படியா? இத்தனை நாளா வாலுன்னே நெனச்சிட்டேன்." பிறகு சாதாரணமாக: "எங்க பொறந்த வீட்டுல இருந்த இசைத்தட்டு அது. எங்கண்ணன் அது மேல உட்காந்து ஓரத்தை உடைச்சிட்டான். ஊசியக் கொஞ்சம் உள்ள தள்ளித்தான் வைக்கணும். எங்களுக்கு மெட்டே நடுவுலேர்ந்துதான், முன்பாதி அப்புறந்தான் சுத்தி வரும்."

"அப்போ அப்பாவுக்கு..."

"நான்தான் சொல்லிக் கொடுத்தேன். மண்டபத்துல ஆட்டம் முடிஞ்சு சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வருவோம்ல, அப்போ."

"அவர் கட்டினதுன்னு சொன்னாரேம்மா. வானொலில."

"அதுக்கு முன்னாடியே சொன்னார். கல்யாணத்தன்னிக்கு எங்க ஆளுங்க அத்தனை பேர் முன்னாடியும் எழுந்து நின்னு, அட்ராக்டாவுக்குன்னு வாசிச்சார். வேற என்ன கொண்டாந்தார் அந்த மனுஷன்? என்னோடதையே எனக்குக் கொடுத்தார். வாங்கிக்கிட்டேன்."

"ஒருத்தர்கிட்டயும் சொல்லலியா?"

"யாரு கேட்டா? வானொலிக்காரன் டீ கேட்டான். கொடுத்தேன்." கதவருகே நின்று திரும்பினாள். "நீ மட்டும் கேட்டியா?"

ஐந்து ஆண்டுகளில் நூற்றுப்பத்துப் பேரைப் பதிவு செய்திருக்கிறேன். அதில் முப்பது பேரை இதே சமையலறையில். ஒவ்வொரு முறையும் அம்மாவிடம் நான் சொன்னது ஒன்றுதான். கோப்பையை மெதுவா வைம்மா, சத்தம் பதிவாயிடும்.

பிப்ரவரி 20

"புஸ்தகத்துலேர்ந்து எடுத்துடு," என்றாள் அம்மா. "பொய்னு எழுத வேணாம். என் பேரையும் போட வேணாம். எடுத்துடு, அவ்வளவுதான்."

"விழாவுக்கு..."

"போகலை."

உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே சொன்னாள். முகத்தைக் காட்டவில்லை. ஒருவர் வைத்திருந்ததை எடுத்துவிட்டு உண்மையைக் கையில் கொடுத்தால், அது ஈடாகுமா?

பிப்ரவரி 21

லோர்கனுக்கு எழுதிவிட்டேன். உடனே பேசினான். "நாப்பத்தொண்ணா? என்ன எண்ணிக்கை இது?" பிறகு, "அட்ராக்டா எப்படி இருக்காங்க?"

தெரியவில்லை என்றேன்.

மார்ச் 2

என்னோடு அளந்துதான் பேசுகிறாள். உப்பு, கதவு, மழை.

மார்ச் 9, ஞாயிறு

குர்டீன் மண்டபத்தில் இன்று விழா. நாங்கள் போகவில்லை. மதியம் அம்மாவிடம், "உன்னைப் பதிவு பண்ணலாமாம்மா?" என்று கேட்டேன்.

"ஊரெல்லாம் முடிச்சிட்டு வந்தியாக்கும்?"

"ஆமா."

அடுப்பை அணைத்தாள். சமையல் மேலங்கியைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். உட்கார்ந்தாள். பதிவுக் கருவியை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தேன். பிறந்த ஊர், பிறந்த ஆண்டு, திருமணத்துக்கு முந்தைய பெயர் — எல்லோரிடமும் கேட்பதை அதே வரிசையில் கேட்டேன்.