கன்னத்துச் சிவப்பு

தோங்யோங்,
மார்ச் 9, 1994

ஹே-ரிமின் அப்பாவுக்கு,

நீங்களும் கப்பலில் உள்ளவர்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். சூரை மீன் நன்றாகப் படுகிறது என்று கம்பெனியில் சொன்னார்கள். இங்கே சிப்பியும் கொழுத்திருக்கிறது. கொட்டகையில் சிப்பி ஓடு உடைத்து மாளவில்லை.

ஹே-ரிமைப் பற்றிச் சொல்ல வேண்டும். இலையுதிர் காலத்தில் அவளுடைய இரண்டு கன்னமும் மூக்குத்தண்டும் சிவந்தன. பக்கத்து வீட்டு போங்-நிம், "பொண்ணு யாரையோ பாத்துட்டா போல, வெக்கம் மூஞ்சிய விட்டுப் போக மாட்டேங்குது" என்று கேலி செய்தாள். நானும் சிரித்தேன். குளிர் வந்தும் சிவப்பு போகவில்லை. விரல் வீங்கி, காலையில் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன். சீவினால் சீப்பு நிறைய முடி.

புத்தாண்டு கழிந்ததும் பூசான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரத்தம் குழாய் குழாயாக எடுத்தார்கள். உடம்பைக் காக்க வேண்டிய ரத்தமே அவள் உடம்பைத் தாக்குகிறதாம். லூபஸ் என்று பெயர். முழுக்கக் குணமாகாது, மருந்தால் அடக்கி வைக்கலாம் என்றார் டாக்டர். மாத்திரையில் முகம் ஊதிவிட்டது. அவளுக்கு உப்பு ஆகாது. உப்பில் ஊறும் கிம்ச்சியை நானும் விட்டுவிட்டேன். சிறுநீரில் சோப்பு போல நுரை. வியாழக்கிழமை சிறுநீரகத்தில் ஊசி குத்திச் சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது முடிவு வந்திருக்கும்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். வீட்டுக்கு வந்தபின்தான் உங்கள் தங்கை சுன்-தோக்கின் ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தபோது கால் வீங்கி இறந்தாள் என்பதைத் தவிர அவளுடைய நோயைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஒருமுறை கேட்டபோது நீங்கள் எழுந்து வெளியே போய்விட்டீர்கள். போன வாரம் ஹே-ரிமோடு உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதே மொகந்தான்" என்றார். நான் மேலே கேட்பதற்குள் அவரும் எழுந்து வெளியே போய்விட்டார்.

திரும்பும் பேருந்தில் ஹே-ரிம், "அம்மா, அத்தைக்கு அப்போ என்ன வயசு?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். எனக்குத் தெரியும். வரும் கோடையில் இவளுக்கும் அந்த வயதுதான். பிறகு, "அப்பாக்கு எழுதிடாத. பாதியிலயே கப்பல விட்டு எறங்கி வந்துடுவாரு" என்றாள்.

அதனால்தான் எழுதுகிறேன்.

சுன்-தோக்குக்கு முதலில் என்ன வந்தது, கடைசியில் என்ன ஆனது, எதையும் மறைக்காமல் எழுதுங்கள். டாக்டரிடம் சொல்ல வேண்டும். எழுதக் கை வராவிட்டால் நேரில் வந்து சொல்லுங்கள். கடல் உங்களைச் சீக்கிரம் கரை சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
ஹே-ரிமின் அம்மா