கொற்கையில் நீ சொன்ன பொய்

இன்று காலை உன் மகள் உன் பச்சைச் சால்வையைக் கொண்டுவந்து கொடுத்தாள். "ஆன்ட்டி, இதுல அம்மா வாசனை இன்னும் இருக்கு" என்றாள். முகத்தில் வைத்துப் பார்த்தேன். பாச்சை உருண்டை நெடிக்கு அடியில் நீ தடவும் தைலத்தின் மணம். அவள் போன பிறகு, டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸின் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன், ஒரு ஜனவரியில் இதே சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் என்னோடு டெல்லியில் ரயிலேறினாய். கொற்கையில் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது உச்சி வெயில். சால்வையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தபடி ஆட்டோக்காரரிடம், "சமுத்திரம் எங்கே?" என்று கேட்டாய். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த உனக்கு உன் அப்பா ஊரைப் பற்றிச் சொன்னது ஒன்றுதான்: "எங்க ஊர்ல கப்பல் வந்து நின்னுது."

"கடலு வெலகிப் போயி எத்தனையோ காலமாச்சுக்கா" என்று அவர் சிரித்தார். முத்துக்குப் பேர்போன பாண்டியர் துறைமுகம் இருந்த இடத்தில், தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண்ணில் வாழை நின்றது. ஒரு பெரிய குளம், ஓர் அம்மன் கோயில், கிழட்டு வன்னி மரம். ஆனால் நாம் ஊர் பார்க்க வரவில்லை. ஊரோடு கோபித்துக்கொண்டு டெல்லிக்கு வந்துவிட்ட உன் அப்பா கடைசிவரை அங்கே யாருக்கும் ஒரு வரிகூட எழுதவில்லை. அவர் இறந்து எட்டு மாதமாகியிருந்தது. அதை அவருடைய ஒரே தங்கையிடம் நேரில் சொல்ல வந்திருந்தோம்.

அத்தை வாசலில் வாழைநார் கிழித்துக்கொண்டிருந்தார். உன்னை உற்றுப் பார்த்தார். "அண்ணன் மவளா? அதே மூக்கு!" எழுந்து வந்து உன் கைகளைப் பிடித்துக்கொண்டார். "அண்ணன் சொகமா இருக்காவளா?"

நீ என்னைப் பார்த்தாய். பிறகு, "நல்லா இருக்கார், அத்தை" என்றாய்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது உன்னைக் கோழை என்றேன். நீ மறுக்கவில்லை. "அவங்க முகத்தப் பார்த்தியா? என்னால முடியல" என்று மட்டும் சொன்னாய்.

அதன் பிறகு, நீ கொடுத்துவிட்டு வந்த நம்பருக்கு ஞாயிறுதோறும் அத்தையின் போன். அப்பா தூங்குகிறார், கோயிலுக்குப் போயிருக்கிறார் என்று நீ சொல்வதைப் பக்கத்திலிருந்து கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

போன மாதம் காய்ச்சலென்று படுத்தாய். ஐந்தே நாள். அடுத்த ஞாயிறு போன் அடித்ததும், அத்தையின் ஊர்த் தமிழ் புரியாத உன் மகள் அதை என் கையில் திணித்தாள். இனி பொய் வேண்டாமென்று இரண்டு சாவையும் சொல்லிவிட்டேன்.

அத்தை மெல்லப் பேசினார்.

"அண்ணன் போனது, அவ வந்து நின்ன அன்னைக்கே தெரியும் தாயீ. அவ மூஞ்சே சொல்லிட்டு. ஆனா வாராவாரம் நான் கேப்பேன், அவ சொல்லுவா. அந்த ரெண்டு நிமிசம் அண்ணன் இருந்தாவ." பிறகு உனக்காக அழுதார்.

பேசித் தீர்க்க நாளிருக்கிறது என்று நினைத்து, உன்னிடம் மன்னிப்புக் கேட்காமலே இருந்துவிட்டேன். நான் சொன்ன 'கோழை' என்ற அந்தச் சொல் இப்போது என்னிடமே இருக்கிறது.

நேற்றும் அத்தை பேசினார். உன்னைப் பற்றி ஏதாவது சொல்லச் சொன்னார். லிஃப்ட் இருந்தும் மூன்று மாடி படியேறி, வழியில் ஒருவர் விடாமல் நலம் விசாரித்து, தினமும் நம் ஆபீஸுக்கு லேட்டாக வருவாய் என்றேன். அத்தை சிரித்தார். "இன்னும் சொல்லு" என்றார்.