பீரோவுக்குள் ஒரு மோடம்

பழைய மோடத்தைத் துடைத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கிறேன். பத்து மணிக்கு நம் அடுக்குமாடிச் சொசைட்டி வாசலுக்குப் பழைய மின்சாதனங்களை எடுத்துப்போகும் வண்டி வரும். கொடுத்துவிட வேண்டியதுதான். ஆனால் துடைக்கும்போது அதிலிருந்து வந்த வாசனை என் கையை நிறுத்திவிட்டது. அந்துருண்டை வாசனை. வேறு எந்த வீட்டு மோடத்திலும் இந்த வாசனை இருக்காது. நம் வீட்டு மோடத்தில் இருக்கிறது. ஏனென்றால் அது ஒன்பது வருஷமாக என் பட்டுப்புடவைகளுக்குக் கீழே, ஸ்டீல் பீரோவுக்குள் குடியிருந்தது.

நீங்கள் போய்ப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷத்தில் உங்களுக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருக்கும் புருஷனுக்கு எதற்குக் கடிதம் என்று இருந்துவிட்டேன். இப்போது ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மகனிடம் சொல்லிவிட்டேன். முதலில் சொல்லியிருக்க வேண்டியது உங்களிடம்தான்.

மோடம் வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். இணைப்புக் கொடுக்க வந்தவர் அதை டிவி பக்கத்தில், வருகிறவர் போகிறவர் கண்ணிலெல்லாம் படும்படி வைத்து, கறுப்பு ஒயரைச் சுவரோரம் தொங்கவிட்டுப் போனார். நாலைந்து பச்சை விளக்குகள் ஓயாமல் சிமிட்டிக்கொண்டிருந்தன. எனக்குப் பொறுக்கவில்லை. நான் படித்த கான்வென்ட் விடுதியில் சனிக்கிழமைதோறும் சிஸ்டர் வந்து ஒவ்வோர் அலமாரியாகத் திறந்து பார்ப்பார். கட்டிலின் மேல் ஒரு ரிப்பன் கிடந்தாலும் மறுநாள் பார்க்க வரும் அப்பா வாசலோடு திரும்ப வேண்டியதுதான். அப்படி வளர்ந்தவள் ஹாலில் ஒயர் தொங்குவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்? பீரோவுக்குள் வைக்கலாம் என்றேன்.

"இரும்புப் பொட்டிக்குள்ள வெச்சா அது வேலை செய்யாது அம்மிணி," என்றீர்கள். புனே பக்கத்துச் சிஞ்ச்வட் தொழிற்சாலையில் முப்பது வருஷம் உதிரிபாகங்களைச் சோதித்துப் பார்த்துத் தள்ளியவர்.

"வெச்சுப் பாப்போமுங்க. செய்யலீன்னா எடுத்துட்டாப் போச்சு."

"மதர் சுப்பீரியர் சொன்னா அப்பீல் கெடையாது," என்று முனகிக்கொண்டே டிரில்லை எடுத்து வந்தீர்கள். ஹால் மூலையில் நிற்கும் பீரோவின் முதுகில் துளை விழுந்தது. ஒயர் உள்ளே போயிற்று. மோடம் கீழ்த்தட்டில் உட்கார்ந்தது. ஹால் மறுபடியும் பார்க்கும்படி ஆயிற்று.

வேலையும் செய்தது. அன்று மட்டுமல்ல, வருஷக்கணக்கில் செய்தது. அதை நான் எத்தனை பேர் முன்னால் சொல்லிக் காட்டியிருப்பேன் என்று நினைத்தால் இப்போது காது சுடுகிறது. கோயமுத்தூரிலிருந்து உங்கள் தங்கை வந்திருந்தபோதுகூட, "உங்க அண்ணன் எஞ்சினியர் மாதிரி பேசுவாரு, ஆனா பாருங்க, எங்க வெச்சிருக்கேன்னு," என்று பீரோவைத் திறந்து காட்டினேன். நீங்கள் பேப்பரை மடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "ஏனுங், அவ சொன்னா மோடமே கேக்குது. நான் கேக்க மாட்டனா?"

நமக்குள் தகராறு என்றால் அந்தக் கதவைப் பற்றித்தான். காலையில் மாத்திரை எடுக்கத் திறப்பீர்கள், சாத்த மாட்டீர்கள். மத்தியானம் பாஸ்புக்கைத் தேடுவீர்கள், மறுபடியும் ஒரு சாண் திறந்து கிடக்கும். பல்லி போகும், புடவையில் தூசி படியும் என்று நான் போய்ச் சாத்துவேன். அடுப்படிக்குப் போய்த் திரும்புவதற்குள் திறந்திருக்கும். "நாலு எழுத்துப் படிச்ச மனுஷனுக்கு ஒரு கதவைச் சாத்தத் தெரியாதா?" என்பேன். "கீல் தளந்துபோச்சு, அதுவாத் தொறந்துக்குது," என்பீர்கள். நான் சும்மா விடவில்லை, வெல்டிங் வேலை செய்பவரை வரவழைத்தேன். அவர் கதவை நாலு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, கீல் புதுசு போல இருக்கிறது என்று சொல்லிப் போனார். உங்கள் முகத்தை அப்போது நான் பார்த்திருக்க வேண்டும். அவர் மிதித்த இடத்தைத் துடைப்பதில் கவனமாக இருந்துவிட்டேன்.

நீங்கள் போன பிறகு பிரபு ஹைதராபாத்திலிருந்து தினமும் வீடியோவில் கூப்பிட ஆரம்பித்தான். நம் தரைத்தள வீட்டில் மொபைல் சிக்னல் ஜன்னல் பக்கம் மட்டும்தான் என்று உங்களுக்குத் தெரியும். வீட்டு நெட்டை நம்பித்தான் பேச்சு. அந்த நெட் மக்கர் செய்யத் தொடங்கியது. அடுப்படியில் நின்று பேசினால் அவன் முகம் கோணலாக உறைந்து நிற்கும். படுக்கை அறைக்குப் போனால் அறவே அறுந்துவிடும். பேச்சு பாதியில் நின்றால் அவனுக்குப் பயம். உடனே சொசைட்டி செக்ரட்டரிக்கு போன் போடுவான். அந்த அம்மாள் மூச்சு வாங்க வந்து கதவைத் தட்டுவார். ஒரு நாள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்த கோலத்தில் கதவைத் திறந்தேன்.

"ஆன்ட்டி, நல்லா இருக்கீங்கதானே? உங்க பையன் ரொம்ப டென்ஷன் ஆகிட்டார்," என்று இந்தியில் கேட்டார். பின்னால் எதிர்வீட்டுக் கணவனும் மனைவியும் நின்றிருந்தார்கள்.

"எண்ணெய் வெச்சுக்கறேன். அதுவும் அவன்கிட்ட சொல்லிட்டுத்தான் வெச்சுக்கணுமா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே வந்து உட்கார்ந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது முறை இப்படி ஆனதும் பிரபு முடிவாகச் சொல்லிவிட்டான். "அம்மா, இது சரிப்படாதுங்மா. ஃபோனே போகாத வீட்ல நீங்க தனியா இருக்க வேண்டாம். இங்க வந்துடுங்க. வீட்ட வாடகைக்கு விட்ரலாம்."

"மோடம் பழசாயிடுச்சு, அவ்வளவுதான். மாத்திடறேன்."

"சரி, நானே நல்லதாப் பாத்து ஆர்டர் போட்டு அனுப்பறேன். ஆளு வந்து மாட்டிக் குடுப்பாங்க."

"உன் வீட்டுப் பிரிட்ஜை நான் ஆர்டர் போட்டு அனுப்பட்டுமா? என் வீட்டுக்கு வர்றதை நான் பாத்து எடுப்பேன்."

"சரி, நீங்களே எடுங்க. ஆனா இந்த மாசக் கடைசிக்குள்ள சரியாகலைன்னா டிக்கெட் போடறேன். அப்புறம் பேச்சு கூடாதுங்மா."

ஒத்துக்கொண்டேன். நீங்களும் நானும் முப்பத்தோரு வருஷம் இருந்த வீடு. அதில் நான் இருப்பதும் போவதும் ஒரு டப்பாவைத் தேர்ந்தெடுப்பதில் வந்து நின்றது.

உங்களுக்கே தெரியும், நான் படிக்காமல் கடைக்குப் போகிறவள் அல்ல. பள்ளிக்கூட அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தபோது, ஒரு மேசை வாங்குவதற்கும் மூன்று பக்கக் குறிப்பு வைத்திருப்பேன். நாலு நாள் தினமும் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தேன். வைஃபையில் ஒரு அலை தூரம் போகும், ஆனால் மெதுவாகப் போகும். இன்னொரு அலை வேகமாகப் போகும், ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். இரண்டும் உள்ள டப்பாதான் வேண்டும். ஏற்கெனவே வீட்டுக்கு வரும் இணைப்போடு அது பொருந்த வேண்டும். இப்படிப் பதினொரு கேள்வி எழுதிக்கொண்டு, சிஞ்ச்வட் ஸ்டேஷன் பக்கம் கணினி சாமான் விற்கும் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் ஐம்பது வயது மராட்டியர், வயதான பெண்களைக் 'காகூ', அதாவது சித்தி, என்று கூப்பிடுகிறவர். கூடவே அவர் மனைவி பில் போட உட்கார்ந்திருந்தார். முதலில் எடுத்துக் காட்டிய டப்பாவுக்கு எட்டுக் கொம்பு. கவிழ்த்துப்போட்ட நண்டு மாதிரி இருந்தது.

"யாருக்கு காகூ? பேரனுக்கா? கேம் விளையாட இதுதான் டாப்."

"எனக்கு. நான் கேம் விளையாடுவதில்லை."

இரண்டாவதன் அட்டைப்பெட்டியில் ஆங்கிலம் சகிக்கவில்லை. ஓரமாகத் தள்ளி வைத்தேன். "காகூ, நெட் ஸ்பெல்லிங் பாத்து ஓடாது," என்றார்.

"ஒரு பெட்டியைச் சரியாக எழுதத் தெரியாதவர்கள் உள்ளே என்ன செய்திருப்பார்கள்?"

அவர் மனைவி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அதன் பிறகு என் பதினொரு கேள்விக்கும் கடைக்காரர் உட்கார்ந்து பதில் சொன்னார். மூன்றாவது டப்பா எனக்குப் பிடித்தது. அடக்கமான வெள்ளை, நாலே கொம்பு, விளக்கை அணைத்து வைக்கலாம். மனைவி பில் போடும்போது கடைக்காரர் கேட்டார்: "பழைய டப்பா வீட்டில் எங்கே இருந்தது?"

"ஹாலில்," என்றேன்.

பொய் இல்லை. பீரோ ஹாலில்தானே இருக்கிறது. ஆனால் சிஸ்டர் முன்னால் நின்று அந்தப் பதிலைச் சொல்லியிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமையும் எனக்குப் போயிருக்கும்.

புது ரவுட்டர் அதே கீழ்த்தட்டில் உட்கார்ந்தது. கதவைச் சாத்தினேன். சாயங்காலம் பிரபு கூப்பிட்டான். அடுப்படிக்குப் போனேன், அவன் முகம் உறைந்தது. அடுத்த கால் மணியில் கதவு தட்டப்பட்டது. செக்ரட்டரி அம்மாள் என்னைப் பார்த்ததும் போனில், "இருக்காங்க, இருக்காங்க," என்றார். அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. ஜன்னலோரம் போய்ப் பேசியபோது பிரபு குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "போதுங்மா. முப்பதாம் தேதிக்கு டிக்கெட் பாக்கறேன்."

மறுநாள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். எப்படிப் பேசுவேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மட்டமான சாமானைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றேன். கடைக்காரர் எதிர்த்துப் பேசாமல் அதைக் கடையிலேயே மாட்டினார். என் போனைக் கையில் கொடுத்து, தெருவில் நடந்து பாருங்கள் என்றார். நாலு கடை தாண்டியும் நெட் வந்தது. திரும்பி வந்து நின்றேன்.

"ஹாலில் எங்கே வைக்கிறீர்கள் காகூ?"

இந்த முறை முழுப் பதிலைச் சொன்னேன். "ஸ்டீல் அல்மாரிக்குள்."

"கதவு?"

"மூடித்தான் இருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. அது அவருடைய பெருந்தன்மை. "பழையதும் அங்கேதானா? எத்தனை வருஷம்?"

"ஒன்பது. போன வருஷம் வரைக்கும் நன்றாகத்தான் ஓடியது. என் கணவர்கூட முதலில் ஓடாது என்றுதான் சொன்னார், ஆனால் ஓடியது."

பில் மேசையிலிருந்து அவர் மனைவி மெதுவாகச் சொன்னார்: "அப்போ வீட்டில் யாரோ கதவைத் திறந்து வைத்திருப்பார்கள் காகூ."

ஆட்டோவில் வரும்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. தளராத கீல். காலை எட்டரைக்கு மாத்திரை எடுக்கத் திறந்த கதவு. எட்டரைக்குத்தான் நான் டேப்லெட்டில் செய்தித்தாள் படிக்க உட்காருவேன். உங்கள் தங்கை மகள் கல்யாணத்துக்கு நீங்கள் மட்டும் கோயமுத்தூர் போயிருந்த ஒரு வாரம் நெட் படுத்துவிட்டது; புகார் கொடுத்தேன், ஆள் வருவதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள், அதுவும் சரியாகிவிட்டது. நீங்கள் போன பிறகு அந்தக் கதவு ஒருமுறைகூடத் தானாகத் திறக்கவில்லை. அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

எத்தனையோ நாள் கதவைத் திறந்து வைத்து, அதற்குத் திட்டும் வாங்கிக்கொண்டு, என்னைச் சரியானவளாகவே இருக்க விட்டிருக்கிறீர்கள். ஒரே ஒரு நாள், "அம்மிணி, நாந்தான் தொறந்து வெக்கறேன்," என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும். கதவைச் சாத்திவிட்டு, நெட்டே வேண்டாம் என்றிருப்பேன்.

ரவுட்டர் இப்போது புத்தக அலமாரியின் மேல், எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார்ந்திருக்கிறது. ஒயரும் தெரிகிறது. ஒயரைச் சுவரோடு சுவராக, கோணாமல், நானே ஆணியடித்துப் பொருத்தியிருக்கிறேன்; அதில் விட்டுக்கொடுக்க முடியாது. அன்று சாயங்காலம் நானே பிரபுவைக் கூப்பிட்டேன். பேசிக்கொண்டே அடுப்படி, படுக்கை அறை, பின்பக்கத் துணிக்கொடி வரைக்கும் போனேன். அவன் முகம் ஓரிடத்திலும் உறையவில்லை.

"எந்த மாடல்ங்மா வாங்கினீங்க? செமையா இருக்கே," என்றான்.

மாடல் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொண்டிருக்கலாம். "மாடல் இல்லடா. இத்தனை நாள் நான் பீரோவுக்குள்ள பூட்டி வெச்சிருந்தேன். தப்பு என்மேல," என்றேன். அவன் முகம் அப்படியே நின்றது. நெட் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை. "அம்மா, என்ன சொன்னீங்க? மறுபடி சொல்லுங்க, ரெக்கார்ட் பண்ணிக்கறேன்," என்றான். நானும் சிரித்துவிட்டேன். டிக்கெட் பேச்சு அதோடு போயிற்று.

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. தினமும் ஏழு மணிக்கு அவன் கூப்பிடுகிறான், ஸ்பீட் சரியாக இருக்கிறதா என்று பார்க்க. ஒரு நாள் அடுப்படியில் நிற்கச் சொல்கிறான், ஒரு நாள் துணிக்கொடி பக்கம். பார்த்து முடித்ததும் ஆபீஸ் கதை சொல்கிறான், மருமகள் செய்த குழம்பைக் காட்டுகிறான், அரை மணி போகிறது. ஸ்பீட் எப்படி என்பதை அங்கிருந்தே தன் போனில் பார்க்க அவனால் முடியும்; அதற்கான ஏற்பாட்டை முதல் வாரமே என்னிடம் சொல்லிச் செய்துகொண்டவன் அவன். இதைப் பழைய நான் முதல் நாளே அவன் முகத்துக்கு நேராகச் சொல்லியிருப்பேன்.

நேற்றும் கேட்டான். "இன்னைக்கு எப்படிங்மா இருக்கு ஸ்பீட்?"

"பரவால்லடா," என்றேன். "எதுக்கும் நாளைக்கு ஒரு தடவை பாத்துடு."