பாதி மாத வாடகை

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அவருடைய முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. நீ சோற்றை அவசரமாக விழுங்காமல் உட்கார்ந்து சாப்பிடுகிறாயா?

மாத நடுவில் குடிபோனால் முழு வாடகையா என்று கேட்டிருந்தாய். வேண்டியதில்லை. மாத வாடகையை அந்த மாதத்து நாட்களால் வகுத்து, நீ இருக்கப்போகும் நாட்களால் பெருக்கிக் கொடு, சாவி கைக்கு வரும் நாளிலிருந்து கணக்கு, அடுத்த மாதம் முதல் முழுசு. வாய்ப்பேச்சோடு விடாதே, எழுதி வாங்கு. முன்பு இருந்தவர் எதுவரை கட்டியிருக்கிறார் என்றும் கூச்சப்படாமல் கேள். இது நான் உன் அண்ணன் அறையில் கற்றது, உன்னிடம் சொன்னதில்லை.

அவன் விபத்தில் போனது மாத நடுவில், வாடகை முழுசாகக் கட்டியிருந்தான். மிச்ச நாட்களை நான் அங்கே இருந்து கழிக்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனேன். குளியலறையில் வாளி நகரும் சத்தம் கேட்கும், போய்ப் பார்த்தால் தரை காய்ந்து கிடக்கும். பயம் வரவில்லையடி, இன்னொரு தரம் நகராதா என்றிருந்தது. ஒரு மத்தியானம் பூட்டில் சாவி திரும்பியது. வந்துட்டியாடா என்று எழுந்து ஓடினேன். வாசலில் பெட்டியோடு ஒரு நர்ஸ் பெண், உன் வயதுதான். அறை காலி என்று சொல்லி, மாதக் கடைசி வரைக்கும் அவளிடமும் வீட்டுக்காரர் பணம் வாங்கியிருந்தார். அவரிடம் சண்டைக்குப் போனேன். கட்டினவரே இல்லையேம்மா, அந்த நாளெல்லாம் இனி யாருக்கு என்றார். அந்தப் பெண்தான், அவர் கட்டின நாள் அவரோடதுதான் சார், என் பணத்தைத் திருப்பிக் குடுங்க, ஒண்ணாம் தேதியிலேருந்து குடுக்கிறேன் என்று கறாராகப் பேசி வாங்கினாள். பெட்டியோடு அவள் எங்கே போவாள், இங்கேயே இரு என்றேன். மறுநாள் நான் அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது வெளிறிய முகத்தோடு வந்து நின்றாள். அம்மா, குளிக்கறது நீங்கன்னு நினைச்சேனே என்றாள். கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தேன். ஒன்றாம் தேதி நான் கிளம்பும்போது, படி வரைக்கும் வந்து, அவரை நான் என்னன்னு கூப்பிடட்டும் என்று கேட்டாள். அண்ணான்னு கூப்பிடும்மா என்றேன்.

நீ போகிற இடத்தில் நிறைவாக இரு, தாயே. ரசீது வாங்க மறக்காதே, புது விலாசத்தை உடனே அனுப்பு.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா