தட்டில் வைத்த மண்

என் கோமதி அக்காவுக்கு,

எக்கா, ஜெயிச்சாச்சு. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நீ எப்போதும் கடைசியை முதலில் கேட்கிறவள். சினிமாவுக்குப் போனால்கூட இடைவேளையிலேயே, "கடைசில சேருதாங்களா இல்லியா, சொல்லித் தொலையேம்லே" என்று என் தொடையைக் கிள்ளுவாய். உன் பால்வாடி திறந்திருக்கிறது. நாளைக்கும் திறக்கும்.

வீட்டில் உன் பேரை எடுத்தால் அம்மா அடுப்படிக்குள் போய்விடுகிறாள். அப்பா ரேடியோவைத் திருகுகிறார், பாட்டு வருவதற்குள் அணைத்துவிடுகிறார். எனக்கு வாயை மூடிக்கொண்டு இருக்க வராது, உனக்கே தெரியும். அதனால் ஊரே படிக்கட்டும் என்று உனக்கு எழுதுகிறேன்.

நீ மஞ்சள் காமாலையில் போன பிறகு உன் இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. மாதர் சங்கம் கொடுக்கிற சம்பளத்துக்குப் படித்த பெண் எவளும் வரவில்லை. ஒரு நாள் காலையில் அந்தப் பக்கம் சைக்கிளில் போனேன். உன் பிள்ளைகள் பூட்டிய கதவின் இடுக்கில் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ உள்ளே ஒளிந்திருக்கிறாயாம். நேரே சங்கத் தலைவியம்மா வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"ஆள் கெடைக்க வரைக்கும் நான் பாத்துக்கிடுதேன்மா."

"நீயா? ஒம்பதாங் கிளாஸ்ல பள்ளிக்கூடத்து மதில் ஏறிக் குதிச்சவன்லா நீ?"

"அதான் சொல்லுதேன். புள்ளைங்க எப்பக் குதிக்கும்னு எனக்குத்தான தெரியும்?"

அந்த அம்மா சிரிக்கவில்லை. "லாரில போனே, சைக்கிள் கடைல நின்னே. எங்கயாச்சும் நெலச்சு நின்னியா? சரி, ஒரு வாரம் பாரு. சனிக்கிழமை வருவேன். சரிப்படலன்னா பூட்டிருவேன். உரக்கடைக்காரரு கட்டடத்த வாடகைக்குக் கேட்டுட்டே இருக்காரு."

திங்கட்கிழமை என்னைப் பார்த்ததும் தாய்மார்கள் சேலையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். "ஏட்டி, மீசை வச்ச டீச்சரப் பாத்தியா!"

நீ வாரத்துக்கு ஒரு சங்கதி என்று வைத்து நடத்துவாயே, பழ வாரம், பூ வாரம், வண்டி வாரம். வண்டி வாரத்தில் என்னை ஜன்னலுக்கு வெளியே நிறுத்திப் புளியங்குடி பஸ் மாதிரி ஹாரன் அடிக்கச் சொன்னாய். தொண்டை கட்டிப்போனது எனக்கு. உன்னைப் போலவே நானும் செய்வது என்று முடிவு பண்ணினேன். பழம் வாங்க வழியில்லை. படம் வரைய வராது. மண்ணுக்கு எவன் காசு கேட்பான்? மண் வாரம் என்று வைத்தேன்.

முந்தின நாள் முழுக்க சைக்கிளில் சுற்றி அள்ளிக்கொண்டு வந்திருந்தேன். மேலநீலிதநல்லூர் ரோட்டோரத்துக் கரிசல், செம்மண், ஓடை மணல், குளத்து வண்டல். ஆயா செல்லத்தாய் சித்தி சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவித் தந்தாள். தட்டுக்கு ஒரு மண்ணாகக் குவித்து, பெஞ்சில் வரிசையாக வைத்தேன். பார்க்க அம்சமாக இருந்தது. "வாங்க மக்கா, தொட்டுப் பாருங்க" என்றேன்.

ஒருத்தரும் கத்தவில்லை, ஓடவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அத்தனையும் கைகூப்பி வரிசையில் நின்றன. முதலில் நின்ற ஆவுடை ஒரு சிட்டிகை கரிசலை எடுத்து நெற்றியில் பூசினாள். மிச்சத்தை நாக்கில் போட்டு, கண்ணை மூடி விழுங்கினாள். அடுத்தவனும் அப்படியே. அவனுக்கு அடுத்தவளும்.

எக்கா, நம்ம ஊர்ப் பிள்ளை முன்னால் தட்டில் மண்ணை வைத்தால் அது வேறென்ன செய்யும்? காய்ச்சல், சிரங்கு எது வந்தாலும் கோயிலில் தட்டில் தருகிற புற்றுமண்ணை நெற்றியில் இட்டு, துளி வாயில் போட்டுத்தானே நாமும் வளர்ந்தோம்? நீ இருந்தால் தட்டில் வைத்திருப்பாயா?

"துப்புங்கலே, துப்புங்க!" என்று குதித்தேன்.

"சாமிய யாராச்சும் துப்புவாங்களா?" என்று ஆவுடை என்னைத் திருப்பிக் கேட்டாள். வண்டல் தட்டுக்கு முன்னால் நின்ற ஒரு பயல், "இன்னுங் கொஞ்சம்" என்று கையை நீட்டினான்.

மறுநாள் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்தது ஆவுடையின் அம்மா பேச்சியம்மாள். ஆட்டுக் கம்பும் கையுமாக வந்தாள்.

"ஏலே கூறுகெட்ட மூதி! வயித்த வலிக்குன்னு எம்புள்ள சுருண்டு கெடந்தா. மண்ணத் திங்கவா இங்கன அனுப்புதேன்?"

"தப்புதான் மதினி."

"ஒங்கக்கா கையால சோறு தின்ன புள்ள இது. நீ மண்ண ஊட்டுதே. இங்கதான் வருவேன்னு அவ ஒரே அழுகை, அதான் கூட்டியாந்தேன். இன்னைக்குப் பூரா நான் இந்த வாசல்லதான் இருப்பேன். நீ என்னத்தக் கிழிக்கன்னு பாக்கேன்."

ஆடுகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்து, நடைவாசலை அடைத்து உட்கார்ந்துகொண்டாள். தலைவியம்மாவுக்கும் சேதி எட்டிவிட்டது. 'பூட்டுக்கு எண்ணெய் போட்டு வச்சிருக்கேன்னு அவன்ட்ட சொல்லு' என்று சித்தியிடம் சொல்லிவிட்டிருந்தார்.

ஓடிவிடலாமா என்று தோன்றியது. சைக்கிளும் வாசலில்தான் நின்றது. ஆனால் வாசலில் பேச்சியம்மாள் இருந்தாளே! வேறு வழியில்லாமல் மண்ணையெல்லாம் வேப்பமரத்தடியில் தரையில் கொட்டினேன். தண்ணீரை ஊற்றினேன். செருப்பைக் கழற்றிவிட்டு நானே முதலில் கரிசலில் இறங்கினேன்.

"மிதிங்கலே!"

அவ்வளவுதான். தரையில் கிடந்த மண்ணை ஒருத்தரும் கும்பிடவில்லை. கரிசல் அப்பிக்கொண்டு காலடியில் கட்டி கட்டியாகச் சேர்ந்தது. "எனக்குப் பூட்ஸ் வளந்திருக்கு!" என்று ஒருத்தன் கத்தினான். மணலில் மிதித்தவளுக்கு ஒன்றும் ஒட்டவில்லை, அவளுக்கு அழுகை. உட்கார வைத்தால் நெளிகிற பிள்ளைகள், நானும் அதே ஜாதிதானே, வெயில் ஏறும் வரைக்கும் மண்ணை விட்டு நகரவில்லை. பேச்சியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததை நான் பார்த்துவிட்டேன்.

சிரித்தது தெரிந்துவிட்டதே என்று அவளுக்குக் கோபம். "இதெல்லாம் ஒரு மண்ணா? ரோட்டோரம் அள்ளுனது. எங்க ராயகிரி மண்ண நீ பாத்திருக்கியா?"

"ராயகிரில மண்ணு இருக்கா மதினி? வெறும் கல்லுதான்னுலா சொன்னாங்க."

வேணும் என்றுதான் சொன்னேன். நம்ம பக்கத்துப் பெண் புருஷனைச் சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வாள், பிறந்த ஊரைச் சொன்னால் விடுவாளா? மறுநாள் அவளுடைய அண்ணாச்சி பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு பை நிறைய மண்ணை என் காலடியில் வைத்தார். "கல்லுன்னு சொன்னது நீருதானா வே? மோந்து பாரும்" என்றார். மோந்து பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன்.

அதோடு தெரு முழுக்கப் பற்றிக்கொண்டது. புளியங்குடியில் பிறந்தவள், "எலுமிச்சந் தோட்டத்து மண்ணு, பிழிஞ்சா சாறு வரும்" என்று மஞ்சள் பையில் கொண்டுவந்தாள். "ஆமா, வரும், அத வச்சு ஊறுகா போடு" என்றாள் பேச்சியம்மாள். மண்ணைத் தூக்கிக்கொண்டு வருகிறவள் பிள்ளையை வீட்டிலா விட்டுவிட்டு வருவாள்? வியாழக்கிழமை உட்கார இடமில்லை, எக்கா. நீ பார்த்திருக்க வேண்டும்.

தேங்காய்ச் சிரட்டையில் ஓட்டை போட்டு மண்ணை நிரப்பித் தண்ணீர் ஊற்றினோம். மணலில் ஊற்றியது உடனே ஒழுகியது, கரிசல் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டது. ஊறவைத்த பாசிப்பயறு போட்டோம். மணிக்கொரு தடவை நான் கேட்டேன்.

"மண்ண யாரு திங்கும்?"

"செடி!"

"செடிய யாரு திங்கும்?"

"நாங்க! ஆடு!"

வெள்ளிக்கிழமை வண்டலைப் பிசைந்து பொம்மை செய்யச் சொன்னேன். பஸ் செய்வார்கள், ஆடு செய்வார்கள் என்று நினைத்தேன். பாம்பும் தேளும்தான் செய்தார்கள். கோயில் உண்டியலில் போடப் பாம்புத் தகடும் தேள் தகடும் வாங்குவதைப் பார்த்து வளர்கிறவர்கள் வேறென்னத்தைச் செய்வார்கள்? ஜன்னல் முழுக்கப் பாம்பு காய்ந்தது.

சனிக்கிழமை தலைவியம்மா வந்தார். கைப்பையிலிருந்து பூட்டை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். சிரட்டையைப் பார்த்தார், முளைத்த பயற்றைப் பார்த்தார், ஜன்னல் தேளைப் பார்த்துக் காலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டார். பிறகு ஒரு சாப்பாட்டுத் தட்டை எடுத்தார். ஒரு பிடி மண்ணை அள்ளி அதில் வைத்தார். ஆவுடைக்கு முன்னால் நீட்டினார்.

திங்கட்கிழமைக்குப் பிறகு நான் தட்டைத் தொடவே இல்லையே! பேச்சியம்மாள் எழுந்தேவிட்டாள்.

ஆவுடை குனிந்து மோந்தாள். "இது எங்கம்ம ஊரு மண்ணு."

"திங்கியா?"

"செடிதான் திங்கும்."

"அப்போ கோயில்ல குடுத்தா மட்டும் திங்கியே?"

இதற்குப் பதில், எக்கா, நான் சொல்லித்தரவே இல்லை. உன்னிடமாவது இருந்திருக்குமா?

ஆவுடை அந்த அம்மாவைக் காலிலிருந்து தலைவரைக்கும் பார்த்தாள். "அது அம்மன் குடுக்கது. நீங்க அம்மனா?"

பேச்சியம்மாள்தான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லாரும். கடைசியில் தலைவியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"உரக்கடைய வேற தெருல போடச் சொல்லுங்கம்மா," என்றாள் பேச்சியம்மாள். "இங்கன மண்ணு மட்டும் போதும்."

தலைவியம்மா பூட்டையும் சாவியையும் என் கையில் வைத்தார். "சாயங்காலம் நீயே பூட்டு, காலைல நீயே தெற. வேற ஆளு தேடல. எங்கயாச்சும் மதிலேறிக் குதிச்சே, பேச்சியம்மாளத்தான் அனுப்புவேன் பாத்துக்கோ."

சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டியிருக்கிறேன். நடக்கும்போது இடுப்பில் இடிக்கிறது. உன்னைப் போல எனக்குப் பாட வராது. அடுத்தது தண்ணி வாரம். சித்தி இப்போதே தட்டுகளை ஒளித்து வைத்துவிட்டாள்.

இன்னும் ரெண்டு பிள்ளைகள் காலையில் கதவிடுக்கில் கண்ணை வைக்கிறார்கள், எக்கா. நீ இல்லை என்று நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல? ஆனால் ஒன்று செய்வேன். அவர்கள் தெருமுனை திரும்புவதற்கு முன்னால் தினமும் கதவு அகலத் திறந்திருக்கும். இடுக்கு இருந்தால்தானே எட்டிப் பார்க்க? இது உன்மேல் சத்தியம்.

உனக்காக ஹாரன் அடித்துத் தொண்டை கட்டின தம்பி,
சங்கரன்