வலது 86, இடது 112

மார்ச் 4, செவ்வாய்
மகள் ஸ்கூட்டரோடு விழுந்து மூன்று நாளாகிறது. தலையில் பலத்த அடி, நினைவில்லை. வலது தொடையெலும்பு இரண்டாக முறிந்திருக்கிறது. உள்ளே கம்பி செருகும் பெரிய அறுவை சிகிச்சை இப்போது கூடாது என்கிறார் எலும்பு மருத்துவர்.
“ஆபரேஷன் நடுவுல பிரஷர் இறங்கினா மூளை தாங்காதுங்கய்யா. இப்போதைக்கு காலுக்கு வெளியில இரும்புச் சட்டம் போட்டு எலும்பை அசையாம நிறுத்துவோம். மூளை வீக்கம் வடியட்டும்.”
கையெழுத்திட்டேன். சரிதானா?

மார்ச் 5, புதன்
சட்டம் போட்டாயிற்று. தொடையிலிருந்து நான்கு கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. வானிலை நிலையத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் அளவு குறித்த கை சும்மா இருக்குமா? திரையில் நாடித்துடிப்பு 84.

மார்ச் 7, வெள்ளி
உடம்பு துடைக்க நர்ஸ் சட்டம் போட்ட வலது காலைத் தூக்கியபோது நாடி 86. இடது காலைத் தூக்கியபோது 112. இடது காலில் அடியே இல்லை என்றுதானே சொன்னார்கள்? தற்செயலாக இருக்கும்.

மார்ச் 8, சனி
வலது 88, இடது 115. மாப்பிள்ளையிடம் சொன்னேன்.
“மாமா, இது மழைமானி இல்ல. டாக்டருக்கே பாடம் எடுக்கப் போறீங்களா?”
பாவம், அவர் தூங்கியே ஒரு வாரமாகிறது. மருத்துவர் என்னைக் கடந்து போனார். வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு
நான் ஒரு கோழை.

மார்ச் 10, திங்கள்
இடது, 118. புருவமும் சுருங்கியது என்று நினைக்கிறேன். நினைக்கிறேனா, பார்த்தேனா? பார்த்தேன்.
படியில் இறங்கிய மருத்துவரை மறித்து, எண்களைக் குறித்துவைத்த சீட்டை நீட்டினேன்.
“என்னங்கய்யா இது?”
“இடது கால்... அவளால சொல்ல முடியாதில்ல, அதான்...”
இரண்டு முறை படித்தார். சிரிக்கவில்லை.
மாலையில் எக்ஸ்ரே: இடது கணுக்காலில் முறிவு.
“நினைவில்லாதவங்க வலிக்குதுன்னு சொல்ல மாட்டாங்க. பெரிய முறிவையே பார்த்து இதைக் கோட்டை விட்டுட்டோம். மன்னிச்சிருங்க.”
எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. மாப்பிள்ளை காபி வாங்கி வந்து, ஆற்றிக் கையில் கொடுத்தார்.

மார்ச் 19, புதன்
மூளை வீக்கம் வடிந்தது. தொடைக்குள் கம்பி வைத்துவிட்டார்கள். மூன்று மணி நேரம் வெளியே நின்றேன் — நாற்காலி இருந்தும்.

மார்ச் 27, வியாழன்
கண் திறந்தாள். என்னை யாரென்று தெரிந்ததா? தெரியவில்லை.

மே 21, புதன்
பரிசோதனை நாள். மருத்துவர் அவள் இடது கணுக்காலை அழுத்திவிட்டு, பழக்கத்தில் என்னைப் பார்த்தார்.
“வலி எப்படிங்கய்யா இருக்கு?”
சீட்டை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, வாயைத் திறந்தேன்.
“கால்... என்னோடது, டாக்டர்,” என்றாள் மகள், சொற்களைத் தேடித்தேடி. “என்னைக் கேளுங்க.”
சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.