ஆணி இறங்காத தோல்

சாக்கைப் பிரித்ததும் வேப்பெண்ணெய் வாடைதான் முதலில் வந்தது. நீ கண்ணை மூடி நாற்பது நாள் கழித்துப் பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்ததாம். உன் மனைவி கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே நம் குதிரை ஜிகினாவின் கழுத்து மணி. அதன் அடியில், செய்தித்தாளில் சுற்றி, இரண்டு தோல் அட்டைகள். அவளுடைய குளம்பின் அளவுக்கு நான் வெட்டியவை. ஒன்றின் ஓரத்தில் என் கத்தி சறுக்கிய கோடு அப்படியே இருந்தது. இரண்டிலும் ஓர் ஆணித் துளைகூட இல்லை.

மாப்பிள்ளை ஊர்வலத்துக்கென்று நாம் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய வெள்ளைக் குதிரை அவள். வாங்கிய மாதமே தெரிந்துவிட்டது, உள்ளங்கால் மெலிசு. கட்டை விரலால் அழுத்தினால் காலை இழுத்துக்கொள்வாள். சின்னக் கல் மிதித்தாலும் இரண்டு நாள் நொண்டுவாள். எம்.கே.பி. நகரில் பார்த்தவர்களெல்லாம் தள்ளிவிடச் சொன்னார்கள். நீதான் கேட்கவில்லை. "அது இன்னா பண்ணும் மாமு? நாம பாத்துக்கலாம்" என்றாய். அந்த ஒரு பேச்சுக்காகவே உன்னை எனக்கு அவ்வளவு பிடித்தது.

கொட்டகையில் தென்னை நார் பரப்பினோம். மண் தரையில் மட்டுமே நடக்க விட்டோம். ஊர்வலம் என்றால் தார்ச்சாலை. அதனால் லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவே எண்ணெயில் ஊறிய தோல் வைத்து ஆணி அடிக்காமல் அவளை வெளியே இறக்குவதில்லை என்று நமக்குள் பேச்சு.

அந்த ராயபுரம் ஊர்வலத்தன்று பழைய அட்டைகள் நைந்திருந்தன. காலையில் பழைய லாடத்தைக் கழற்றி, அவள் காலைச் சுத்தம் செய்து, குளம்பில் உதிர்கிற பொருக்கை மட்டும் கத்தியால் சீவிவிட்டு, புது அட்டைகளை உன் கையில் கொடுத்தேன். லாடம் அடிப்பவரிடம் கூட்டிப்போகச் சொல்லிவிட்டு, கன்டெய்னர் யார்டுக்கு வேலைக்குப் போனேன்.

மறுநாள் வந்தபோது வலது முன்காலை ஊன்ற முடியாமல் நின்றிருந்தாள். காலில் லாடம் இல்லை, நீயே கழற்றிவிட்டாயாம். அட்டை கிழிந்துபோனதால் தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொன்னாய். பிறகு அந்தக் குளம்பைத் திருப்பிக் காட்டினாய்.

"கொஞ்சம் ஆழமா சீவிட்ட போல கீது மாமு. வுடு. யாராண்டையும் சொல்ல மாட்டேன்."

உன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நீ முதுகைத் தட்டிக் கொடுத்தாய். கால்நடை மருத்துவர் கேட்டபோது, நான்தான் சீவினேன் என்று தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளே சீழ் பிடித்து, ஆறவே பல மாதம் ஆயிற்று. இனி சாலையில் நடக்கத் தாங்காது என்றதும், செங்குன்றம் பக்கம் புல்வெளி வைத்திருந்த ஒருவரிடம் விட்டுவிட்டு வந்தோம். அன்றோடு நான் கத்தியைத் தொடவில்லை. ஏன் இப்போதெல்லாம் குதிரைப் பக்கமே போவதில்லை என்று யாராவது கேட்டால் நீ பேச்சை மாற்றுவாய். என்னைக் காப்பாற்றுகிறாய் என்று ஒன்பது வருடம் நன்றியோடு இருந்தேன்.

அட்டைகளை நான் திருப்பித் திருப்பிப் பார்க்க, உன் மனைவி சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அன்னிக்கு வியாசர்பாடி கிரவுண்டுல பைனல் மேட்ச்சுண்ணா. முடிய நேரமாயிடுச்சி. லாடம் அடிக்கப் போவாம அப்டியே ஊர்வலத்துக்கு இட்டுகினு பூட்டாரு. உங்களுக்குத் தெரியும்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்."

ஒரு கால்பந்து ஆட்டம். அன்றே சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன், பிறகு நீ டீ வாங்கிக் கொடுத்ததும் சரியாகியிருக்கும். அட்டை இல்லாமல் போய் ஜல்லி குத்திய காலுக்கு என் கத்தியைக் காரணம் காட்டினாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. இந்த அட்டைகளைத் தூக்கிப் போடாமல் ஏன் வைத்திருந்தாய்? என்றாவது சொல்லலாம் என்றா? அப்படியே இருந்தாலும் என் கோபம் குறையவில்லை.

நேற்று ராயபுரத்தில் ஊர்வலக் குதிரை ஒன்று ஓரமாக நின்றது. உடன் இருந்தவரிடம் கேட்டுக் காலைத் தூக்கி, கட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். குதிரை அசையவில்லை, நல்ல கெட்டியான கால். என் விரலுக்கு எல்லாம் நினைவிருக்கிறது, அது தப்பு செய்யவில்லை என்பது மட்டும் இன்னும் பழகவில்லை.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றாய். சொன்னபடியே நடந்துகொண்டாய். என்னிடம்கூடச் சொல்லவில்லை.